நாலில் ஒரு பிள்ளை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சாக்கு ஜான் பாஷா என்று கேட்டால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசலைத் தைத்து, மக்காச்சோளம் களத்துக்கு வரும் பருவத்தில் விற்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. சாக்குத் தூசியோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு இருமல் இல்லாமல் இருக்குமா, அது இருந்தது. வாயைத் திறந்தால் பொய் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள், அதுவும் இருந்தது. "ஒரு ஓட்ட இல்லீங்க, தண்ணி ஊத்துனாகூட நிக்கும்" என்று அவர் சத்தியம் செய்கிற சாக்கில் ஒரு கை தாராளமாக நுழையும்.

ஆனால் அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தால் அதில் வேறொரு வியாபாரம் நடப்பது தெரியும். களமருதூர் கந்தசாமி ஓ பாசிட்டிவ். சங்கராபுரம் டிராக்டர் ஓ பாசிட்டிவ். கச்சிராயபாளையம் டீக்கடை ஓ பாசிட்டிவ், சுகர் வந்துவிட்டது, இனிக் கேட்கவேண்டாம். இப்படிப் பதினாறு பேர். கடைக்குப் புது ஆள் வந்தால் எத்தனை சாக்கு வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் என்ன குரூப் என்று கேட்டுவிடுவார். ஒருத்தர் ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் மூன்று மாசத்துக்கு அவரைத் தொடக்கூடாது. அதனால் யார் எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அத்தனையும் மகன் வசீமுக்காக. வசீமுக்குப் பதினேழு வயது, பார்த்தால் பன்னிரண்டு சொல்லலாம். தலசீமியா என்று பேர். அவன் உடம்பு தானாக நல்ல ரத்தம் ஊறவிடாது, ஊரார் ரத்தத்தில்தான் வண்டி ஓடவேண்டும். இருபது நாளைக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கும் இரும்பு உடம்பில் தேங்கி ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதால் அதை இறக்க ஒரு மாத்திரை. அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும்போது அவன் ஒவ்வொரு நாளும் குமட்டுவான். இவ்வளவு செய்தும் எத்தனை வயசு வரைக்கும் என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுவார்.

ரத்தம் ஏற்றிய முதல் பத்து நாள் அவனைப் பார்க்கவேண்டும். கடையில் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, பேரம் பேசிவிட்டுப் போன ஆளை அப்படியே நடித்துக் காட்டுவான். நாலு பரோட்டா சாப்பிடுவான். ஒரு தடவை மாமா மகன் அன்சர் அவனை வண்டியில் உட்காரவைத்துக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய் அருவியில் நனையவிட்டுக் கொண்டுவந்தான். பயல் ஒரு வாரம் அதையே பேசினான். அடுத்த பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக உதடு வெளுக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும், எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி.

"பத்து நாளு சிரிக்கிறானில்ல பாய், அது போதாதா? நமக்கு மாசத்துல எத்தினி நாளு சிரிப்பு வருது?" என்று ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்த கந்தசாமி சொன்னார். நெல் விவசாயி, நல்ல மனுஷர், ஆறுதலுக்குச் சொன்னதுதான்.

"நமக்கு ஊசி இல்லியே கந்தசாமி. நாம சிரிக்கலன்னா சும்மா கீறோம், அவ்ளோதான். இவன் சிரிக்காத நாள்ல நோவுது. நான் வர்றேன்னு அவன் கேட்டானா? நாமதானே இட்டாந்தோம்."

கந்தசாமி சாக்கை எண்ணிக் கட்டிக்கொண்டு போனார்.

இட்டாந்த கதை இதுதான். ஜான் பாஷா கட்டியது சொந்த மாமா மகள் கமர் ஜஹானை. சொந்தத்தில் கொடுத்தால் பெண் கண்ணெதிரே இருப்பாள், கஷ்டம் வந்தால் கைவிடமாட்டார்கள் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவர்கள் நினைத்தது வீண் போகவில்லை. கஷ்டம் வந்தபோது யாரும் கைவிடவில்லை. அந்தக் கஷ்டமே சொந்தத்தின் வழியாகத்தான் வந்தது என்பதை வசீமின் எட்டாம் மாசத்தில் டாக்டர் படம் போட்டு விளக்கினார். இரண்டு பேருக்குள்ளும் அது பாதியாக ஒளிந்திருக்கிறதாம். அவர்களை ஒன்றும் செய்யாதாம். ஆனால் உண்டாகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுசாக வந்துவிட நாலில் ஒரு பங்கு வாய்ப்பாம். மூத்தவள் சபா அதற்குள் பிறந்து நடந்துகொண்டிருந்தாள். அதோடு போதும் என்று இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த சபாவுக்கு இப்போது கல்யாணம். கமர் ஜஹானின் அண்ணன் திருக்கோவிலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகன்தான் அன்சர். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இவள், இவளுக்கு அவன். போன பக்ரீத் முடிந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். வீடே குதூகலமாக இருந்தபோது ஜான் பாஷாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் சபாவை அழைத்துப்போய் டெஸ்ட் எடுத்தார். அவளுக்குள்ளும் பாதி இருந்தது. அன்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் மறுபேச்சுப் பேசாமல் கையை நீட்டினான். அவனுக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தை வீட்டுக்கு வரச்சொல்லிக் கூடத்தில் உட்காரவைத்தார். சுற்றி வளைக்கத் தெரிந்த மனுஷர்தான், அன்று மட்டும் இரண்டு டெஸ்ட் சீட்டையும் முன்னால் வைத்துவிட்டு நேரே சொன்னார்.

"இந்த நிக்காஹ் வேணாம் மச்சான்."

மச்சானுக்கு முகம் சிவந்தது. "இன்னா மாப்ள, பூ வச்சப்புறம் வெளயாடுறியா? நாலுல ஒண்ணுதானே? மூணு நல்லா பொறக்குமில்ல?"

"நாலுல மூணு நல்லாக்கீதுன்னு சாக்கு வாங்கலாம். கிழிஞ்சத தெச்சிக்கலாம். புள்ளைய எப்டி வாங்குறது?"

"சென்னையில வயித்துலயே பாத்துச் சொல்லிடுறாங்களாம் மாமா" என்றான் அன்சர் தயங்கித் தயங்கி.

கமர் ஜஹான் சமையலறை வாசலிலிருந்து பாய்ந்தாள். "பாத்துட்டு? வசீமு மாரி இருந்தா கலச்சிட்டு வூட்டுக்கு வரணுமா? அப்ப எம்புள்ளைய இன்னான்னு சொல்றீங்க எல்லாரும்?"

"அப்ப எங்களுக்குப் புள்ளயே வேணாம். நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கிறோம்" என்றான் அன்சர்.

அவன் அப்பா எழுந்தே விட்டார். ஒற்றை மகனை வைத்துக்கொண்டு பேரன் வேண்டாம் என்று கேட்க அவர் காது தயாராக இல்லை. ஆனால் ஜான் பாஷா பார்த்தது மச்சானை அல்ல. அன்சர் அதைச் சொன்ன நொடியில் சபா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தார். அவளுக்குப் பிள்ளை வேண்டும். தெருவில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் தூக்கிக்கொள்கிறவள், எத்தனை வருஷம் மனசை அடக்கிக்கொள்வாள்? என்றைக்காவது அந்த மூன்றை நம்பி இறங்கிவிடுவாள். அந்த இடத்தில் தானும் அப்படித்தான் நம்பியிருக்கக்கூடும் என்று தெரிந்ததால்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"நான் பண்ணது தெரியாம பண்ண பாவம்! தெரிஞ்சிக்கினே எம்பொண்ணு அதப் பண்ண நான் வுடமாட்டேன்!" என்று கத்தினார்.

எல்லாரும் அவருக்குப் பின்னால் பார்ப்பதை உணர்ந்து திரும்பினார். வசீம் டீ டம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றுகொண்டிருந்தான். கடைசிப் பத்து நாளின் வெளுப்பு முகத்தில் இருந்தது. தட்டை நிதானமாகத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனான். யாரும் டீ குடிக்கவில்லை. மச்சான் வீட்டார் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அன்சர் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

செவ்வாய்க்கிழமை அன்சருக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. சபா அழவில்லை, அப்பாவோடு பேசவுமில்லை. கமர் ஜஹான் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சபாவுக்குப் பிறந்திருக்கக்கூடிய எந்தப் பிள்ளையைக் காப்பாற்ற இத்தனையும் செய்தாரோ அந்தப் பிள்ளை உலகத்திலேயே இல்லை. அவருக்கு நன்றி சொல்ல அது ஒருநாளும் வரப்போவதில்லை. இருக்கிற பிள்ளைகள் இருவரும் நொறுங்கிக் கிடந்தார்கள். தான் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, அந்தச் சரி அவருக்குக் கசந்தது.

வியாழக்கிழமை வசீமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நர்ஸ் மூன்று இடத்தில் குத்தி நாலாவது இடத்தில் நரம்பைப் பிடித்தாள். பையிலிருந்து ரத்தம் சொட்டத் தொடங்கிய பிறகு வசீம் நாலு நாளில் முதல்முறையாக அவரிடம் வாயைத் திறந்தான்.

"அத்தா."

"இன்னாடா?"

"ஒனக்கும் அம்மாக்கும் நிக்காஹுக்கு முன்னாடியே இந்த டெஸ்ட எடுத்துருந்தா, நீ அம்மாவக் கட்டியிருப்பியா?"

கட்டியிருப்பேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்கிற வாய். ஆனால் இந்த இடத்தில் அதைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை சபாவின் கல்யாணத்தை எதற்காகக் கெடுத்தோம் என்று அவருக்கே விளங்காமல் போய்விடும்.

"மாட்டேன்டா" என்றார். சொன்னதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வசீம் தலையாட்டினான். "நெனச்சேன். அப்ப சபா அக்காவும் இருந்திருக்காது."

"ஆமா."

குழாயில் ரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா கேட்டா இதச் சொல்லாத."

"கேட்டாளா ஒன்ன?"

"அன்னிக்கி மாமா வூட்டுக்காரங்க போனதும் கேட்டுச்சி. ஒன்னப் பெத்தது தப்பாடான்னு அழுதுக்கினே கேட்டுச்சி. இல்லம்மா, நான் நல்லாதானே கீறேன், எனக்கு இந்த உயிரு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன். அது நம்பிக்கினு கீது. நீ மாத்திச் சொல்லிடாத அத்தா."

"சொல்லமாட்டேன்டா" என்று ஜான் பாஷா அவனுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். பையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அம்மாவிடம் சொன்னது மெய்யா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. கேட்டால், சற்றுமுன் அவர் சொன்ன மாதிரியே அவனும் உண்மையைச் சொல்லிவிடுவான்.