காலில் கட்டிய கயிறு

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய குடிசையில் ஒரு பெண் இருந்தாள். தலைமுடியில் எப்போதும் சாமை உமி ஒட்டியிருக்கும். நடக்கப் பழகியிருந்த மகனின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் காலில் முடிந்துகொண்டுதான் உரலில் சாமை குத்துவாள். திரும்பிப் பார்க்காமலே அவ்வப்போது காலை அசைத்து, பையன் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்வாள். அவன் அழுகை என் பாடத்தைவிடப் பலமாகக் கேட்கும்.

ஒரு விடுமுறை நாளில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, புள்ளைய மாடு மாதிரி கட்டி வெச்சிருக்கியே?"

உலக்கை நின்றது. "அவுத்து வுட்டா நீங்க பாத்துக்கறீங்களா சார்?"

"பாத்துக்கறேன்" என்றேன் வீறாப்பாக.

பையனை என் அறையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவன் மைக்கூட்டைக் கவிழ்த்தான். அடுப்புச் சாம்பலைத் தின்றான். கிணற்றுப் பக்கம் ஓடினான். பிடித்து வந்தால் மறுபடியும் ஓடினான். நான் கத்தினால், விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

பொழுது சாயும்போதுதான் அவள் வந்தாள். கையில் குடமும் இல்லை, விறகும் இல்லை.

"எங்கம்மா போன? இன்னா வேலை அவ்ளோ நேரம்?"

"வேல ஒண்ணும் இல்ல சார். பாறை மேல சும்மா குந்திக்கினு இருந்தேன். கால்ல கவுறு இல்லாம குந்தி எவ்ளோ நாளாச்சு."

எனக்கு வந்த கோபத்தில் திட்ட வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மேசைக்காலையும் அவள் மகனின் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருந்த என் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.