துறையூரைவிடக் கிட்ட

இலங்கையில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களா ஆயாவாக இருந்த அம்மாக்கண்ணுவுக்கு மைல் கணக்கு என்றாலே ஆகாது. அங்கே மைலைக் கட்டை என்பார்கள். ரோட்டோரம் நட்டிருக்கும் கல்லைப் பார்த்துச் சொல்வது. கட்டையை நம்பி நடந்தவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம் என்பது அவள் கட்சி. தூரத்தை அவள் கட்டுச்சோற்றால் அளப்பாள். தலவாக்கலைக்குச் சோறே வேண்டாம். கண்டிக்கு ஒரு பொட்டலம். தாய்வீடான துறையூருக்கோ ரயில், கப்பல், மறுபடி ரயில், பஸ் என்று போய்ச் சேர்வதற்குள் புளிச்சோறே நூல்விட்டுப் போகும்.

ஐம்பத்தாறாம் வருஷம் துரையின் ஆறு வயது மகளைப் படிப்புக்காகப் பிளேனில் லண்டனுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. பிறந்தது முதல் அம்மாக்கண்ணுவின் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை அது. சேதி கேட்டதும் நேரே துரையிடம் போய் நின்றாள்.

"லண்டன் எம்புட்டுத் தூரம்ங்க தொரை?"

"ஆறாயிரம் மைல் இருக்கும், ஆயா."

"ஆகாயத்துல எவன்ங்க கட்டை நட்டான்? எத்தன வேளைக்குச் சோறு கட்டணும், அதச் சொல்லுங்க."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரத்மலானையில் பிளேன் ஏறினால் மூன்றாம் நாள் லண்டனில் இறங்கிவிடலாம், சாப்பாடெல்லாம் உள்ளேயே கொடுப்பார்கள் என்றார்.

கட்டுச்சோறே வேண்டாத தூரம் ஒரு தூரமா? லண்டன் துறையூரைவிடக் கிட்ட என்று அம்மாக்கண்ணு அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க அது பரவியது. பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த ராசம்மா, "அப்ப ஞாயித்துக்கெழம போயி பாப்பாவுக்குத் தல சீவிவிட்டு வந்துருவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஏன், நீயும் வேணா கூட வா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள் அம்மாக்கண்ணு.

பாப்பா புறப்பட்ட காலையில் துரைசாணி கைக்குட்டையை நனைத்தாள். சமையற்கார அப்பு தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினான். அம்மாக்கண்ணு மட்டும் சிரித்த முகமாகப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டி, கன்னம் வழித்து நெட்டி முறித்து, காரில் ஏற்றிவிட்டாள். பிள்ளை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனது. இவளும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். இத்தனை கிட்டத்தில் இருக்கிற ஊருக்குப் போவதற்கு என்ன அழுகை வேண்டிக் கிடக்கிறது?

மத்தியானம் லயத்துக்கு வந்தவள் அழாமல் வழியனுப்பியதைப் புருஷன் இராமையாவிடம் பெருமையாகச் சொன்னாள். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இராமையாவுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"தொறையூரவிடக் கிட்டங்கிற. சரித்தான். தொறையூருக்குக் கடைசியா எப்பப் போன?"

அம்மாக்கண்ணு கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள்தான். அப்புறம் பாஸ்போர்ட், விசா என்று சட்டம் வந்தது. போனால் திரும்பி வர விடுவார்களோ என்னவோ என்ற பயமும் வந்தது. பெற்றவள் செத்ததற்குக்கூட அவள் போகவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இராமையா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பதறி எழுந்தான்.

"வெளையாட்டுக்குத்தானே கேட்டேன் புள்ள."

"சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டேனேங்க" என்றாள் அவள். "அந்தப் புள்ள என்னயப் பத்தி என்ன நெனைக்கும்?"