ஆறு மணிக்கு எதுவும் நிற்காது

ஒன்றோடொன்று இறுகிக்கொண்ட பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை வியோரிகா பல்லால்தான் பிரிப்பாள். கடைவாயில் வைத்து ஒரு கடி, ஒரு திருகு. கட்டை கழன்று உள்ளங்கையில் விழும். ஊர் நூலகத்தின் நிலவறையில் சனிக்கிழமைதோறும் இதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது அதை மட்டும்தான். ஒரு கட்டைகூட வெளியே போகக் கூடாது.

பேரிங் ஆலை மூடியபின் அவளுக்குக் கிடைத்த வேலை, பிள்ளைகளுக்கான இந்தச் சனிக்கிழமை வகுப்பு. ஜெர்மனியிலிருந்து யாரோ அனுப்பிய ஒரு மூட்டைக் கட்டைகள். பிள்ளைகள் கொண்டுவரும் தயிர் டப்பா, கரண்டி, ரப்பர் வளையம், பழுதான மிக்ஸியின் மோட்டார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் பிரித்து, நிறவாரியாகப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

கட்டை போதாமல் வந்த ஏற்பாடு அது. ஒருமுறை தலைநகர் புகாரெஸ்டிலிருந்து வந்த கல்வியாளர்கள் அதைப் பார்த்து வியந்துபோனார்கள். செய்த பொருள் முக்கியமில்லை, செய்வதுதான் முக்கியம், என்ன ஒரு தத்துவம் என்றார்கள். தன் பற்றாக்குறைக்கு இப்படியொரு பெயர் உண்டென்று வியோரிகாவுக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து ஏற்பாடு சட்டமாகிவிட்டது. படித்தவர்கள் பாராட்டிய ஒன்றைத் தளர்த்த ஆலைத் தொழிலாளிக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்?

ஸோரினாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அம்மா இத்தாலியில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஈஸ்டருக்கு மட்டும் வருவாள். முந்தின வருடம் அம்மாவைத் திரும்ப இத்தாலிக்கு ஏற்றிப்போகும் வேன் கிளம்பியபோது ஸோரினா கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்தபடி நின்றுவிட்டாள். "ஒரு கையையாவது ஆட்டியிருக்கலாம்லடி" என்று அம்மா வருடம் முழுக்கப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருடமாவது தன் கை எழும் என்று ஸோரினாவுக்கு நம்பிக்கையில்லை. அதனால் ஒரு கையைச் செய்ய ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் கையுறைக்குள் கந்தல் அடைத்தாள். கட்டைகளால் முழங்கை வைத்து, பல்சக்கரம் கோத்து, சுற்றுவதற்கு ஒரு பிடி வைத்தாள். சுற்றினால் கை ஆட வேண்டும். ஆடாமல் சரிந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கட்டினாள்.

"உங்கம்மா வரலையாம், கையை மட்டும் பார்சல் போட்டுட்டாங்களாம்!"

"அதுக்கும் பாத்திரம் தேய்க்கத்தான் தெரியும்டா!"

பிள்ளைகள் சிரித்தார்கள். வியோரிகாவும் கொஞ்சம் சிரித்தாள்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கை அசைந்தது. மெதுவாக, மணிக்கட்டு லேசாகத் துவண்டு, நிஜமான கை போலவே. ஈஸ்டர் முட்டைகளுக்குப் பூசிய சாயம் இன்னும் போகாத விரல்களோடு சுற்றி நின்ற பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். அம்மாவின் வேன் மறுநாள் காலையில்.

"டீச்சர், இன்னைக்கு மட்டும் பிரிக்காதீங்க. நாளைக்கு அம்மா போறாங்க. வேன் கிளம்புனதும் கொண்டாந்துடறேன்."

"ஆறு மணிக்கு எதுவும் நிக்காது. உனக்குத் தெரியாதா?"

"மேசைக்கடியில புது மூட்டை இருக்கே டீச்சர். இன்னும் அவுக்கவே இல்லையே."

"கட்டைக்காக இல்ல கண்ணு. செஞ்சு பாத்தியே, அதான் உனக்கு. பொருள் முக்கியமில்ல."

"எனக்கு முக்கியம்."

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியோரிகா கையை எடுத்தாள். முழங்கை நன்றாக இறுகியிருந்தது. கடைவாயில் வைத்தாள்.

மறுநாள், ரொட்டி வாங்கப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, வியோரிகா வேன் கிளம்பும் சந்தைப் பக்கம் போனாள். வேன் ஜன்னலில் அம்மா திருப்பம் வரை கையாட்டிக்கொண்டே போனாள். ஸோரினாவின் கைகள் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன.

அந்த வாரம் நூலகத்தைத் திறந்து, வியோரிகா அதே கையைச் செய்ய உட்கார்ந்தாள். சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்தாள் அந்தப் பெண்? பிரித்தவளுக்கு நினைவில்லை. இவள் கட்டிய கை விறைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் வெடுக்வெடுக்கென்று ஆடியது. இருந்தாலும், சட்டத்தை முதன்முறையாக மீறி அதை வெளியே எடுத்துக்கொண்டு, ஸோரினா குடியிருந்த கட்டடத்தின் நான்கு மாடிகளையும் ஏறினாள். மன்னித்துக்கொள் என்று சொல்வதாக இருந்தாள்.

கதவைத் திறந்த ஸோரினா பிடியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாகக் கடித்துப் பிரித்தாள். நிறவாரியாகக் கையுறைக்குள் போட்டு நீட்டினாள்.

"ஆறு மணி ஆயிடுச்சு டீச்சர்."

வியோரிகா கையுறைக்குள் பார்த்தாள். நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"சிவப்புல ஒண்ணு குறையுதே."

ஸோரினா வாயைத் திறந்து, அந்தச் சிவப்புக் கட்டையை அவள் உள்ளங்கையில் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஈஸ்டருக்கு அம்மா வரவில்லை. ஸோரினா நிலவறைக்கு மறுபடி வரவேயில்லை. வியோரிகா இன்னும் சில வருடங்கள் இருந்தாள். கடைத்தெருவில் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நின்றாள். பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று விசாரித்தாள். குளிர் அதிகம், தொப்பி போட்டுக்கொள் என்றாள். நான்கு மாடி தூக்கிக்கொண்டு போன அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்காமலேயே செத்துப்போனாள்.