அப்பா மாட்டிய பிரேக்

இன்று பேரனின் வண்டியிலிருந்து வந்த பெட்ரோல் வாடையில் பாகூர் ஏரிக்கரை ஞாபகம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஞாயிறுதோறும் அங்கே மோட்டார் சைக்கிள்களை நிறுத்திக்கொண்டு, வண்டியோடு கப்பலில் வந்த பிரேக்தான் உசத்தி என்று பக்கத்து மிராசுதாரும், கொல்லனிடம் அடித்துத் தான் மாட்டிய பிரேக்தான் உசத்தி என்று அப்பாவும் வெயில் ஏறும்வரை வாதாடுவார்கள். ஒருநாள் அப்பா எங்கள் பண்ணையாள் முனியனைக் கூப்பிட்டு, "நடுப்பாதையில நில்லுடா. உன்கிட்ட வந்து வண்டி நிக்குதா இல்லியான்னு இவரு பாக்கட்டும்" என்றார்.

"வேணாம் ஆண்டே" என்று கும்பிட்டபடியே அவன் போய் நின்றான்.

வண்டி நிற்கவில்லை. கால் முறிந்து அவன் அலறிக்கொண்டிருக்க, அப்பா குனிந்து பிரேக்கைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாபா, நான் அப்பவே சொல்லல?" என்று மிராசுதார் சிரித்தார்.

எட்டு வயதுப் பெண்ணான நானும் அவரோடு சேர்ந்து கைதட்டிச் சிரித்தேன்.