உப்பு புதைத்த குழி

ரூபாய் நோட்டு ஒருநாள் வெறும் காகிதமாகும், கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும் என்று போன் வீடியோவில் ஒருத்தர் பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அவரை எதிர்த்துக் கேட்க என்ன தெரியும்? அப்படி ஒரு காலம் வந்தால் எதற்கு மதிப்பு இருக்கும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் உப்பில் வந்து நின்றேன். கெட்டுப்போகாது, பூச்சி அரிக்காது.

"அதுக்குத் தங்கம் வாங்குனா என்னவாம்?" என்றாள் மனைவி.

"தங்கத்தக் கொழம்புல போடுவியா?"

நீல ட்ரம் நிறையக் கல்லுப்பு வாங்கினேன். வீட்டுக்குள் வைத்தால், பஞ்சம் வந்ததும் ஊர் முதலில் நம்ம வூட்டுக்குத்தானே வரும்? கொல்லையில் புதைத்துவிடலாம் என்று, தெரு கண்ணயர்ந்த ஒரு மத்தியானம் மண்வெட்டியை எடுத்தேன். புதரில் பாம்பு இருக்குமோ என்ற பயத்தில், எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத் தோண்டி, ட்ரம்மை இறக்கி மூடினேன். அங்கேதான் தப்பு நடந்தது. யாரோ வேலி வழியாகப் பார்த்திருக்கிறார்கள். கீழப்பழுவூரில் ஒருவன் சூடம் கொளுத்திக் கொல்லையில் குழி வெட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சோழர் காலத்துப் புதையல்.

சாயந்திரமே டீக்கடையில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் பங்காளி வந்து நின்றான். சித்தப்பா மகன், பக்கத்துக் கொல்லைக்காரன்.

"அண்ணே, இது தாத்தா சொத்து. மேல இருக்குற மண்ணத்தான் பிரிச்சோம். கீழ இருக்குறத இன்னும் பிரிக்கலையே?"

"கீழ ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாததுக்கா சூடம் கொளுத்துன? காட்டு. இல்லன்னா விஏஓ ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்."

காட்டினால் உப்பு இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துபோகும். உலகம் கவிழும்போது மொத்தத் தெருவும் என் கொல்லையில் நிற்கும். காட்டாவிட்டால் இன்றைக்கே திருடன் வருவான், அவனுக்கு முன்னால் விஏஓ வருவார்.

"தோண்டிக் காட்டிருங்க. எனக்குத் தூக்கம் வேணும்," என்றாள் மனைவி.

தோண்டினேன். தெருவே சுற்றி நின்று பார்த்தது. பங்காளி ட்ரம்முக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்புதான்," என்றான், நான் அவன் சொத்தைத் தின்றுவிட்டதுபோல.

எதிர்வீட்டு அத்தை மட்டும் முந்தானையை விரித்தார். "தொறந்ததுதான் தொறந்துட்ட, ரெண்டு கை அள்ளிப் போடுப்பா. வூட்ல தீந்துபோச்சு."

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. டீக்கடை நாற்காலி இனி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவமானத்தோடு மண்ணைத் தள்ளப் போனவனை மனைவி நிறுத்தினாள். அவள் கையில் எவர்சில்வர் டப்பா. பீரோவில் இருந்த அவளுடைய நகைகள்.

"ஊர்ல இனிமே ஒருத்தரும் எட்டிப் பாக்காத எடம் இதான். ட்ரம்மு அடியில வச்சு, மேல உப்பக் கொட்டுங்க."

அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுத உட்காருவதற்கு முன்னால் டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். இந்தத் தடவை சூடம் கொளுத்தவில்லை.