ஓரக்கண்ணுக்கு மட்டும் தெரிவது

ஆந்த்ரோமீடா என்னும் விண்மீன் திரளின் வெளிச்சம் நம்மை வந்து சேர இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகிறது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பாடம் நடத்தி எனக்கே சலித்துப்போன வாக்கியம் இது. அவ்வளவு தூரம் வந்த வெளிச்சம் என் கண் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போக வழியில்லாமல் நிற்கிறது. மாலைக்கண்ணில் தொடங்கி, ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே வரும் வியாதி எனக்கு. "பிள்ளைகளுக்கும் வரலாம்மா" என்றார் மதுரை டாக்டர். எனக்கு இருப்பது ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள்.

போன மாதம் விளக்குப் போடாத அடுப்படியில் அவள் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டு விழுந்தாள். "இருட்டுல யாருக்குத்தான் தெரியும்?" என்றார் என் கணவர். எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தைரியமில்லை. போனால் பதில் சொல்லிவிடுவார்களே. அந்தத் திரள் வெறுங்கண்ணில் அவளுக்குத் தெரிந்துவிட்டால் பயமில்லை என்று, படித்த முட்டாள் நான், ஒரு கணக்குப் போட்டேன்.

மழை விட்ட, நிலா இல்லாத சாயங்காலம். மூவரும் ஆத்தூர் அணைக் கரையில் ஏறி இருட்டும்வரை காத்திருந்தோம். கல்யாணமான புதிதில் இதே கரையில்தான் அவருக்கு அந்தத் திரளை நான் காட்டினேன். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் ஓரக்கண்ணில் புகை மாதிரி தெரியும். மங்கிய ஒளியைப் பிடிப்பது கண்ணின் ஓரம்தான். எனக்குப் போனதும் அதுதான்.

அவர் மகளின் பின்னால் நின்று கைநீட்டிக் காட்டினார். "நேராப் பாக்காத ஆத்தா. செத்த தள்ளிப் பாரு. தெரியுதா?"

"எங்கப்பா?"

மறுபடி காட்டினார். மறுபடியும் "எங்கப்பா?" என்றாள். கடவுளே, என் கண்ணில் மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொள், இவளுக்குத் தெரியட்டும் என்று மன்றாடினேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"தெரியுதும்மா!" என்றாள் உடனே. "நல்லாத் தெரியுது!"

"எங்க, காட்டு."

என் கையைப் பிடித்துத் தூக்கி எங்கோ நீட்டினாள். எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு. "ஏங்க, சரியாக் காட்டுறாளா?"

"சரிதான்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கரையிலிருந்து இறங்கும்போது வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு படிகூட இறங்கியிருக்க மாட்டோம். அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எனக்குக் கேட்கக் கூடாதென்று தணித்த குரலில், மகள் சொன்னாள்: "அப்பா, என் கைய விட்டுறாதீங்க."