வெள்ளத்துக்கு முந்திய கவலை

மாரி வெள்ளம் உன்னிச்சையில் எங்கள் வெள்ளாமையை அழித்த பிறகு, என் கணவர் வயல் பக்கமே போகவில்லை. நானும் என் தம்பியும் கோடையில் சிறுபோக நெல் விதைத்தோம். விளைந்தால் மனிதர் எழும்பிவிடுவார் என்று இருப்புக்கொள்ளாமல் நாள் எண்ணினேன்.

நன்றாகவே விளைந்தது. புது அரிசிச் சோற்றோடு அவரிடம் ஓடினேன்.

"ஒரு வாய் தின்னுங்களன்."

"எனக்குச் சந்தோசம் வருதில்ல புள்ள. அழவும் வருதில்ல."

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எப்போதிருந்து இப்படி என்று டொக்டர் கேட்டார்.

"வெள்ளத்துக்குப் பிறகுதான்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல, அதுக்கு முந்தியே" என்றார் கணவர். "வெள்ளம் வந்தாப்பிறகு ஒருத்தரும் ஏனெண்டு கேக்கல்ல."

இது வெறும் கவலையில்லை, மனச்சோர்வு நோய் என்று சொல்லி டொக்டர் மருந்து தந்தார். கணவர் இப்போது மெல்ல வயலுக்கு வருகிறார். அவர் சோர்ந்திருக்கும் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிற நாளிலும், ஏனென்று அவரிடமே கேட்டுவிடுகிறேன்.